புது உபுண்டு: வீடியோ திறக்கவில்லை, நிறுவல் பாதியில் நிற்கிறது. எதை முதலில் சரி செய்வது?

பனித்துளி:

வணக்கம். மடிக்கணினியில் உபுண்டு 24.04 நிறுவியிருக்கிறேன். 8-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. லினக்ஸ் எனக்குப் புதிது.

கைபேசியில் எடுத்த எம்.பி.4 கோப்புகளை 'வீடியோஸ்' பிளேயரில் திறந்தால் "எச்.264 டீகோடர் தேவை, ஆனால் நிறுவப்படவில்லை" என்று வருகிறது. ஆப் சென்டரிலிருந்து வி.எல்.சி போட்டேன். அதில் சில கோப்புகள் ஓடுகின்றன. 4கே-யில் எடுத்தவை மட்டும் சத்தம் சரியாக வர, படம் விக்கி விக்கி நிற்கிறது. வெளி ஹார்டு டிஸ்கில் இருப்பதை வி.எல்.சி திறக்கவே மறுக்கிறது. தமிழ் சப்டைட்டில் போட்டால் கட்டம் கட்டமாக வருகிறது.

இணையத்தில் ஒரு பக்கத்தில் பத்து கட்டளைகள் கொடுத்திருந்தார்கள். வரிசையாக ஒட்டினேன். நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ ஒப்பந்தம் வந்தது. மவுஸால் எதையும் அழுத்த முடியவில்லை, ஜன்னலை மூடிவிட்டேன். அதிலிருந்து எதை நிறுவினாலும் "லாக் கிடைக்கவில்லை" என்கிறது. மறுபடியும் முதலிலிருந்து உபுண்டுவைப் போட்டுவிடலாமா?

மருதம்:

மறுநிறுவல் வேண்டாம். இது பத்து நிமிட வேலை. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் அந்த 'லாக்' என்ற பூட்டை அவிழ்க்க வேண்டும், அதுவரை வேறு எதையும் நிறுவ முயல வேண்டாம்.

இந்த இழையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பேக்கேஜ் (நிறுவக்கூடிய மென்பொருள் பொதி) பெயரை முழுதாக நினைவில் வைக்கத் தேவையில்லை. முதல் ஐந்தாறு எழுத்தைத் தட்டி டேப் விசையை இருமுறை அழுத்தினால் பொருந்தும் பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். கடவுச்சொல் கேட்கும்போது தட்டுவது திரையில் தெரியாது, புள்ளிகூட வராது. தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

நீங்கள் மூடியது மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தத் திரை. அது டெர்மினலுக்குள்ளேயே வரையப்படும் திரை என்பதால் மவுஸ் வேலை செய்யாது. டேப் விசையை அழுத்தினால் கீழே உள்ள 'ஓகே' நிறம் மாறும், அப்போது என்டர். அடுத்த திரையில் இடது, வலது அம்புக்குறியால் 'யெஸ்' மீது போய் மறுபடியும் என்டர். இவ்வளவுதான். இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாத புதுப் பயனர் குறைவு, ஏனென்றால் டேப் விசை என்று அந்தத் திரையில் எங்கும் எழுதியிருக்காது.

ஜன்னலை மூடியபோது நிறுவல் பாதியில் தொங்கிவிட்டது. இப்போது செய்ய வேண்டியது:

கணினியை ஒருமுறை முறையாக ரீஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். புது உபுண்டு பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானே இறக்கும். அப்போதும் இதே பூட்டுச் செய்தி வரும். அது பழுது இல்லை, காத்திருந்தால் போதும்.

பிறகு "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". கான்ஃபிகருக்கு முன்னால் இரண்டு கோடு, ஏ-க்கு முன்னால் ஒன்று. பாதியில் நின்ற பேக்கேஜ்களை இது முடித்து வைக்கும். அந்த ஒப்பந்தத் திரை மறுபடியும் வந்தால் மேலே சொன்னபடி கடந்து செல்லுங்கள்.

அடுத்து "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கருவி. கடைசியாக "சூடோ ஆப்ட் அப்டேட்", அதன்பின் "சூடோ ஆப்ட் அப்கிரேட்".

பல பக்கங்களில் பூட்டுக் கோப்பை ஆர்.எம் கட்டளையால் அழிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலில் எழுதாமல் தடுக்கத்தான் அந்தப் பூட்டு. அதை அழித்துவிட்டு இன்னொன்றை ஓட்டினால் பேக்கேஜ் தரவுத்தளம் சிதைந்துவிடும். அப்போதுதான் உண்மையிலேயே மறுநிறுவல் தேவைப்படும்.

நிரல்வழி:

மருதம் சொன்னதை முடியுங்கள். வீடியோவுக்கு வருவோம். அடுத்த பேக்கேஜை நிறுவுமுன் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புதியவர்கள் இருபது பேக்கேஜ் போட்டும் படம் ஓடாமல் தவிப்பதற்குக் காரணம் இதைப் பார்க்காததுதான்.

எம்.பி.4, எம்.கே.வி என்பவை சாக்குப் பை மாதிரி. பையின் பெயரை வைத்து உள்ளே இருப்பது நெல்லா உளுந்தா என்று சொல்ல முடியாது. உள்ளே படமும் ஒலியும் கோடெக் எனப்படும் ஏதோ ஒரு சுருக்கும் முறையில் இருக்கும். ஒரே எம்.பி.4 பையில் ஏ.வி.சி என்றும் சொல்லப்படும் எச்.264 இருக்கலாம், எச்.265 எனப்படும் எச்.இ.வி.சி இருக்கலாம், ஏ.வி.1 இருக்கலாம். ஒலி தனியாக, ஏ.ஏ.சி-யாகவோ ஏ.சி.3-ஆகவோ இருக்கும். ஒரு கோப்பு ஓடி, அதே நீட்சியுள்ள இன்னொன்று ஓடாமல் போவது இதனால்தான்.

உள்ளே பார்க்க எளிய வழி: வி.எல்.சி-யில் படம் ஓடும்போது கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் பெயர், பிக்சல் அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம் எல்லாம் தெரியும். இல்லையென்றால் 'மீடியாஇன்ஃபோ' பேக்கேஜ் நிறுவி, கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, கோப்பை வாசிக்கும் இயந்திரம் எது என்பது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் முக்கியமானவை இரண்டு. உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப்போடு வரும் 'வீடியோஸ்', கோப்பு உலாவியின் சிறுபடங்கள், ரிதம்பாக்ஸ் பாட்டு பிளேயர் எல்லாம் ஜிஸ்ட்ரீமர் வழியாக வாசிக்கும். வி.எல்.சி, எம்.பி.வி இரண்டும் எஃப்.எஃப்.எம்பெக் நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்தும். உலாவி தனி வழி. உபுண்டு 24.04-ல் வரும் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் பேக்கேஜ் (தேவையானதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வடிவம்), தன் எஃப்.எஃப்.எம்பெக்கைத் தானே சுமந்து வரும்.

ஆகவே "வி.எல்.சி-யில் ஓடுகிறது, வீடியோஸில் ஓடவில்லை" என்றால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. குறை ஜிஸ்ட்ரீமர் பக்கம். உங்கள் முதல் சிக்கல் அப்படியே இது.

இரண்டு கோப்புகளுக்கு, ஓடுவது ஒன்று விக்குவது ஒன்று, மீடியாஇன்ஃபோ என்ன சொல்கிறது என்று இங்கே போடுங்கள்.

விண்மீன்:

வி.எல்.சி-யை ஆப்ட் வழியாகப் போட்டால் முடிந்தது. எதற்கு ஜிஸ்ட்ரீமர், கோடெக் என்று புதியவரைக் குழப்ப வேண்டும்?

நிரல்வழி:

படம் பார்ப்பது மட்டும் வேலை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கோப்பு உலாவியில் சிறுபடம் வராது. வீடியோ வெட்டும் 'பிடிவி' மாதிரிக் கருவிகள் ஜிஸ்ட்ரீமரை நம்பியவை, அவை கோப்பை எடுக்காது. ரிதம்பாக்ஸில் ஏ.ஏ.சி பாட்டு பாடாது. கணினி முழுக்க ஒருமுறை கோடெக் போட்டுவிட்டால் இதெல்லாம் ஒரே அடியில் தீரும். அதன்மேல் வி.எல்.சி-யும் இருக்கட்டும்.

பனித்துளி:

மருதம் அண்ணா, பூட்டு அவிழ்ந்துவிட்டது. ஒப்பந்தத் திரை திரும்ப வந்தது, டேப் விசையால் கடந்தேன். அப்டேட் ஓடும்போது ஒரு முகவரியைக் காட்டி "ரிலீஸ் ஃபைல் இல்லை" என்று ஒரு பிழை மட்டும் வருகிறது.

மீடியாஇன்ஃபோ: ஓடுவது ஏ.வி.சி, ஹை புரொஃபைல், 1920 × 1080, 30 ஃபிரேம். விக்குவது எச்.இ.வி.சி, மெயின் 10, 3840 × 2160, 60 ஃபிரேம். இரண்டிலும் ஒலி ஏ.ஏ.சி.

மருதம்:

அந்தப் பிழை நீங்கள் ஒட்டிய பத்து கட்டளைகளில் ஒன்று சேர்த்த பி.பி.ஏ-வால் வருவது. பி.பி.ஏ என்பது தனியாரோ சிறு குழுவோ நடத்தும் களஞ்சியம், அதாவது பேக்கேஜ்கள் இறங்கும் இடம். பழைய உபுண்டு பதிப்புக்காகத் திறந்து, 24.04-க்கு எதையும் வெளியிடாமல் விட்டிருப்பார்கள். ஆப்ட் அங்கே போய்த் தேடி, இந்தப் பதிப்புக்கான பட்டியலே இல்லை என்று திரும்புகிறது. 'சாஃப்ட்வேர் & அப்டேட்ஸ்' செயலியில் 'அதர் சாஃப்ட்வேர்' தாவலுக்குப் போய் அந்த வரியின் குறியை எடுத்துவிட்டு, மூடும்போது 'ரீலோட்' கொடுங்கள்.

வழிகாட்டிப் பக்கங்களைப் பார்க்கும்போது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள். சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திருத்தச் சொல்லும் பக்கம் என்றால் அது பழையது. 24.04-ல் அந்தக் கோப்பில் ஒரு குறிப்பு மட்டும்தான் இருக்கும், களஞ்சியப் பட்டியல் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற தனிக் கோப்புக்கு மாறிவிட்டது.

கட்டளைகளை மொத்தமாக ஒட்டாமல் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஆப்ட் ஒவ்வொரு முறையும் எதை நிறுவப் போகிறேன், எதை நீக்கப் போகிறேன் என்று பட்டியல் போட்டுவிட்டுத்தான் ஒய் அல்லது என் கேட்கும். அந்த நேரத்தில் கண் போக வேண்டிய இடம் "இவை நீக்கப்படும்" என்ற வரி. ஒரு சிறு பிளேயரை நிறுவப் போய், நீக்கும் பட்டியலில் 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்ற பெயரோ 'க்னோம்' என்று தொடங்கும் பெயர்களோ தெரிந்தால் உடனே என் அழுத்தி வெளியே வாருங்கள்.

இதற்கு நேரான ஓர் உதாரணம்: ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்புச் செயலி) கோப்புகள் ஓடவில்லை என்றால் 'ஃபியூஸ்' பேக்கேஜை நிறுவு என்று பழைய பக்கங்களில் இருக்கும். 22.04-லிருந்து டெஸ்க்டாப் நம்பியிருப்பது ஃபியூஸ்3. பழைய ஃபியூஸைப் போட்டால் அது ஃபியூஸ்3-ஐயும் அதை நம்பியவற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும், அடுத்த முறை டெஸ்க்டாப் சரியாக வராது. 24.04-ல் தேவையானது 'லிப்ஃபியூஸ்2டி64' என்ற நூலகம் மட்டும். அதை நிறுவி, கோப்பின் பண்புகளில் 'நிரலாக இயக்கலாம்' என்பதை ஆன் செய்தால் பெரும்பாலான ஆப்இமேஜ்கள் ஓடும்.

கடலோடி:

இப்போது கோடெக்.

உபுண்டு நிறுவும்போதே "கூடுதல் மீடியா வடிவங்களுக்கான ஆதரவை இறக்கி நிறுவு" என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். தவறில்லை, பிறகும் போடலாம்: "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்". ஜிஸ்ட்ரீமரை எஃப்.எஃப்.எம்பெக்கோடு இணைக்கும் பாலம், கூடுதல் கோடெக்குகள், ஆர்.ஏ.ஆர் கோப்பு பிரிக்கும் கருவி, நீங்கள் ஏற்கெனவே சந்தித்த அந்த எழுத்துருக்கள் எல்லாம் இந்த ஒன்றில் வரும்.

"பேக்கேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமக் கட்டுப்பாடுள்ள மென்பொருள்களுக்கான மல்டிவர்ஸ் களஞ்சியம் அணைந்திருக்கிறது. "சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி மல்டிவர்ஸ்" கொடுத்து, மறுபடியும் அப்டேட் செய்துவிட்டு முயலுங்கள்.

எழுத்துருக்கள் வேண்டாம் என்றால் முழுத் தொகுப்பையும் போடத் தேவையில்லை. 'ஜிஸ்ட்ரீமர்1.0-லிப்ஏவி', 'ஜிஸ்ட்ரீமர்1.0-பிளகின்ஸ்-அக்லி', 'ஜிஸ்ட்ரீமர்1.0-பிளகின்ஸ்-பேட்' மூன்றும் போதும். அக்லி, பேட் என்ற பெயர்களைக் கண்டு தயங்க வேண்டாம். பேட் என்றால் இன்னும் போதுமான சோதனையும் பராமரிப்பும் கிடைக்காத நிரல். அக்லி என்றால் நிரல் தரமானது, அதை விநியோகிப்பதில் உரிமச் சிக்கல் வரலாம். கெடுதல் செய்யும் என்று பொருள் இல்லை.

இந்த உரிமச் சிக்கல்தான் எல்லாவற்றுக்கும் வேர். எச்.264 தர வரையறை 2003-ல் வந்தது, எச்.இ.வி.சி 2013-ல். இரண்டையும் சுற்றிப் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இருக்கின்றன. நிரல் எழுதுவது தடையில்லை, எல்லா நாடுகளிலும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதுதான் சிக்கல். அதனால் உபுண்டு அதைப் பயனர் கேட்டால் மட்டும் கொடுக்கிறது. எம்.பி.3-க்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். அதன் காப்புரிமைகள் காலாவதியாகி, 2017 ஏப்ரலில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. இப்போது எம்.பி.3-க்கு எதுவும் தனியாகப் போட வேண்டியதில்லை. வி.பி.9, ஏ.வி.1, ஓப்பஸ் ஆகியவை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற நோக்கத்தோடு உருவானவை, அதனால் அவை ஆரம்பத்திலிருந்தே ஓடும்.

நிறுவி முடித்த பிறகும் 'வீடியோஸ்' பழைய பிழையையே காட்டினால் அதை முழுதாக மூடித் திறங்கள். அப்படியும் வந்தால் வீட்டுக் கோப்புறையில் கண்ட்ரோல்-எச் அழுத்தி மறைந்தவற்றைக் காட்டி, .கேச் கோப்புறைக்குள் 'ஜிஸ்ட்ரீமர்-1.0' கோப்புறையை அழித்துவிடுங்கள். அது எந்த பிளகின் எங்கே என்று ஜிஸ்ட்ரீமர் எழுதி வைத்த குறிப்பு. அடுத்த முறை தானே புதிதாக எழுதிக்கொள்ளும்.

செம்பருத்தி:

மின்ட், ஃபெடோராவில் இதே வேலைக்கு என்ன செய்வது?

கடலோடி:

மின்டில் எளிது. மெனுவில் 'சவுண்ட் & வீடியோ' பிரிவில் 'மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவு' என்றே ஒன்று இருக்கும். பேக்கேஜ் பெயர் 'மின்ட்-மெட்டா-கோடெக்ஸ்'.

ஃபெடோரா இந்த விஷயத்தில் கறார். அதன் களஞ்சியத்தில் இருப்பது 'எஃப்.எஃப்.எம்பெக்-ஃப்ரீ', காப்புரிமைச் சிக்கல் உள்ள பகுதிகளை வெட்டி எடுத்தது. முதலில் ஆர்.பி.எம் ஃபியூஷன் தளத்தில் ஃப்ரீ, நான்ஃப்ரீ இரண்டு களஞ்சியங்களையும் உங்கள் ஃபெடோரா பதிப்புக்குச் சேருங்கள். பிறகு "சூடோ டி.என்.எஃப் ஸ்வாப் எஃப்.எஃப்.எம்பெக்-ஃப்ரீ எஃப்.எஃப்.எம்பெக் --அலவ்இரேசிங்". இன்ஸ்டால் என்று கொடுத்தால் இரண்டும் மோதும், ஸ்வாப்தான் சரி. ஏ.எம்.டி கிராபிக்ஸ் என்றால் இன்னொரு படி உண்டு. 2022-ல் வந்த ஃபெடோரா 37-லிருந்து மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவரில் எச்.264, எச்.265 வன்பொருள் டீகோடிங்கை (கிராபிக்ஸ் சிப்பே வீடியோவைப் பிரிக்கும் வசதி) எடுத்துவிட்டார்கள். 'மெசா-வி.ஏ-டிரைவர்ஸ்-ஃப்ரீவேர்ல்டு' என்பதை ஆர்.பி.எம் ஃபியூஷனிலிருந்து மாற்றிப் போட வேண்டும். இது தெரியாமல் பிளேயரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

நிரல்வழி:

பனித்துளி, உங்கள் 4கே விக்கலுக்கு வருகிறேன். இது கோடெக் இல்லாத சிக்கல் இல்லை. இருப்பதால்தான் சத்தமும் இடையிடையே படமும் வருகிறது. 3840 × 2160, 60 ஃபிரேம், 10 பிட் எச்.இ.வி.சி-யை பிராசசர் மட்டும் தனியாகப் பிரித்தால் மடிக்கணினி திணறும். ஒலிக்கு வேலை குறைவு என்பதால் அது தடையில்லாமல் போகும், படம் பின்தங்கும்.

உங்கள் 8-ஆம் தலைமுறை இன்டெலின் கிராபிக்ஸ் பகுதியிலேயே இதற்கான தனிச் சுற்று இருக்கிறது. 6-ஆம் தலைமுறையில் 8 பிட் எச்.இ.வி.சி, 7-லிருந்து 10 பிட்டும் வி.பி.9-உம், 11-லிருந்து ஏ.வி.1. பிளேயர் அந்தச் சுற்றைப் பயன்படுத்த வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

'வி.ஏ.இன்ஃபோ' பேக்கேஜை நிறுவி அதே பெயரில் கட்டளை கொடுங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் எச்.இ.வி.சி மெயின் 10 என்ற வரியைத் தேடுங்கள். வலப்பக்கம் வி.எல்.டி என்று முடிந்தால் பிரிக்க முடியும் என்று பொருள். என்க்ஸ்லைஸ் என்று முடிவது பதிவு செய்வதற்கு, அது இப்போது தேவையில்லை. பட்டியலே வராமல் பிழை வந்தால் 'இன்டெல்-மீடியா-வி.ஏ-டிரைவர்' நிறுவப்பட்டிருக்கிறதா பாருங்கள். அது 5-ஆம் தலைமுறையிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு. அதற்கும் பழைய கணினிக்கு 'ஐ965-வி.ஏ-டிரைவர்'.

பிறகு எம்.பி.வி நிறுவுங்கள். சோதிக்க அதைவிட நல்ல பிளேயர் கிடையாது. படம் ஓடும்போது ஐ விசையை அழுத்தினால் இடது மேல் மூலையில் விவரம் விரியும், எத்தனை ஃபிரேம் தவறியது என்ற எண் உட்பட. இப்போது கண்ட்ரோல்-எச். வன்பொருள் டீகோடிங் ஆன் ஆகும். மறுபடி ஐ அழுத்திப் பாருங்கள்: வீடியோ வரியில் 'வி.ஏ.ஏ.பி.ஐ' என்று சேர்ந்திருக்கும், தவறும் ஃபிரேம் எண் ஏறாமல் நிற்கும். அது வேலை செய்தால் வீட்டுக் கோப்புறையில் .கான்ஃபிக், அதற்குள் எம்.பி.வி, அதற்குள் 'எம்.பி.வி.கான்ஃப்' என்று ஒரு கோப்பு உருவாக்கி "எச்.டபிள்யூ.டெக்=ஆட்டோ" என்று ஒரு வரி எழுதுங்கள். இனி நிரந்தரம்.

யூடியூபில் மட்டும் விசிறி இரைகிறது என்றால் அங்கே வருவது ஏ.வி.1 ஆக இருக்கலாம், உங்கள் சிப்பில் அதற்கான சுற்று இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் 'அபௌட்:கான்ஃபிக்' திறந்து 'மீடியா.ஏ.வி.1.எனேபில்டு' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். தளம் வி.பி.9-க்கு இறங்கும், அதை உங்கள் கிராபிக்ஸ் பிரிக்கும்.

விண்மீன்:

என்விடியா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 'அடிஷனல் டிரைவர்ஸ்' செயலியில் பரிந்துரைக்கப்பட்டதைப் போடுங்கள், தளத்திலிருந்து .ரன் கோப்பை இறக்க வேண்டாம். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) ஆன் என்றால் நிறுவலின்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்டில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் காத்திருக்கும். அதில் 'என்ரோல் எம்.ஓ.கே' தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டும் ஏறாது.

மருதம்:

வெளி ஹார்டு டிஸ்க் சிக்கல் யாரும் தொடவில்லை. ஆப் சென்டரிலிருந்து வந்த வி.எல்.சி ஸ்நாப் வடிவம். ஸ்நாப் செயலிகள் வேலிக்குள் ஓடும். வீட்டுக் கோப்புறையில் உள்ள சாதாரணக் கோப்புகள் தெரியும், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியாது, வெளி டிஸ்குக்குத் தனி அனுமதி தேவை. செட்டிங்ஸ், ஆப்ஸ், வி.எல்.சி போய் 'வெளிச் சேமிப்புச் சாதனங்களைப் படிக்க, எழுத' என்ற அனுமதியை ஆன் செய்யுங்கள். டெர்மினலில் என்றால் "சூடோ ஸ்நாப் கனெக்ட் வி.எல்.சி:ரிமூவபிள்-மீடியா".

அந்த அனுமதியும் மீடியா, எம்.என்.டி கோப்புறைகளின் கீழ் ஏற்றப்பட்ட டிஸ்குக்கு மட்டும்தான் செல்லும். வேறு இடத்தில் ஏற்றியிருந்தால் அனுமதி கொடுத்தும் தெரியாது.

வன்பொருள் டீகோடிங்கும் சேர்ந்து வேண்டும் என்பதால் என் பரிந்துரை: ஸ்நாப் வி.எல்.சி-யை நீக்கிவிட்டு "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வி.எல்.சி". இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். மெனுவில் ஒரே பெயரில் இரண்டு ஐகான் வரும், எதில் அமைப்பை மாற்றினோம் என்று தெரியாமல் போகும்.

செம்பருத்தி:

ஃபிளாட்பேக் வடிவம் இவற்றைவிட மேலில்லையா? எந்த லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடுமே.

மருதம்:

ஓடும், புதுப் பதிப்பும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் முதல் செயலியோடு அடித்தளத் தொகுப்பும் சேர்ந்து இறங்கும், அது நூற்றுக்கணக்கான எம்பி. அதிலும் வேலி உண்டு, 'ஃபிளாட்சீல்' வைத்து அனுமதி கொடுக்க வேண்டும். ஒரு பிளேயருக்காக உபுண்டுவில் அதை அமைக்கச் சொல்ல மாட்டேன். ஆப்ட் களஞ்சியத்தில் மிகப் பழையதாகக் கிடக்கும் செயலிகளுக்கு, உதாரணமாக வீடியோ எடிட்டர்களுக்கு, நல்ல தேர்வு.

தளத்திலிருந்து இறக்கிய .டெப் கோப்பு என்றால் அது இருக்கும் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./" போட்டு இடைவெளி விடாமல் கோப்பின் பெயரைச் சேருங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் களஞ்சியத்தில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். டிபிகேஜி -ஐ கொடுத்தாலும் நிறுவும், ஆனால் சார்ந்த பேக்கேஜ்களைத் தானே கொண்டுவராது.

யாழ்நிலா:

தமிழ் சப்டைட்டில் பற்றி நான் சொல்கிறேன். எப்படித் தெரிகிறது என்பதிலிருந்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்", அல்லது 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டேம்ல்'. வி.எல்.சி-யில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் பகுதியில் எழுத்துருவை 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்று மாற்றி, என்கோடிங் யு.டி.எஃப்-8 வைத்து, வி.எல்.சி-யை மூடித் திறங்கள். திறக்காவிட்டால் மாற்றம் தெரியாது. எம்.பி.வி என்றால் முன்பு சொன்ன அதே கான்ஃப் கோப்பில் "சப்-ஃபான்ட்=" எழுதி இரட்டை மேற்கோளுக்குள் அதே பெயர்.

ஐரோப்பிய எழுத்துகள் மேல் புள்ளியும் கோடுமாக வந்தால் இரண்டில் ஒன்று. கோப்பு யூனிகோடு, ஆனால் பிளேயர் வேறு என்கோடிங்கில் வாசிக்கிறது. அல்லது கோப்பே டிஸ்கி மாதிரிப் பழைய குறியேற்றத்தில் இருக்கிறது. கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் முதல் வகை, 'சேவ் ஆஸ்' கொடுத்து யு.டி.எஃப்-8 தேர்ந்து சேமியுங்கள். அங்கேயும் குப்பையாக இருந்தால் குறியேற்ற மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடு ஆக்க வேண்டும், எழுத்துரு மாற்றிப் பயனில்லை.

'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்தாலோ அந்த பிளேயர் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாதது. புது வி.எல்.சி, எம்.பி.வி இரண்டிலும் இது வராது. பழைய பிளேயர்களிலும் சில டிவிகளின் யு.எஸ்.பி பிளேயரிலும் வரும், அங்கே நாம் செய்ய எதுவுமில்லை.

சப்டைட்டில் கோப்பின் பெயர் படத்தின் பெயரோடு அப்படியே பொருந்தி, ஒரே கோப்புறையில் இருந்தால் தானே ஏறிக்கொள்ளும். பேச்சுக்கு முன்பின்னாக வந்தால் வி.எல்.சி-யில் ஜி, எச் விசைகள், ஒரு அழுத்தத்துக்கு 50 மில்லிநொடி. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அந்தக் கோப்பு வேறு ஃபிரேம் வேகத்தில் உள்ள பதிப்புக்குச் செய்தது, விசையால் தீராது. வேறு கோப்பு தேடுங்கள்.

விண்மீன்:

டிவிடி யாருக்காவது தேவைப்பட்டால்: ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸில் அது சேராது. 'லிப்டிவிடி-பி.கே.ஜி' நிறுவி, பின் "சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லிப்டிவிடி-பி.கே.ஜி". இரண்டாவது கட்டளைதான் உண்மையான வேலையைச் செய்கிறது: வீடியோலேன் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டும். அதை விட்டுவிட்டால் கடையில் வாங்கிய டிவிடிகள் ஓடாது. டிரைவின் மண்டலக் குறியீட்டை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். இந்தியாவில் விற்கும் வட்டுகளுக்கு மண்டலம் 5. சும்மா மாற்றிப் பார்க்காதீர்கள்.

பனித்துளி:

எல்லாம் ஓடுகிறது. பி.பி.ஏ வரியை எடுத்தேன், அப்டேட் பிழையில்லாமல் முடிந்தது. 4கே கோப்பில் கண்ட்ரோல்-எச் அழுத்தியதும் விக்கல் நின்றது, தவறிய ஃபிரேம் எண் 212-லேயே நிற்கிறது. ஆப்ட் வி.எல்.சி-யில் வெளி டிஸ்க் திறக்கிறது. தமிழ் எழுத்தும் தெளிவாக வருகிறது. அனைவருக்கும் நன்றி.

இரண்டு கேள்விகள் மட்டும். கட்டணப் படத் தளம் ஒன்றில் "டி.ஆர்.எம் இயக்கு" என்று கேட்கிறது. இன்னொன்று, 'வீடியோஸில்' எல்லாம் ஓடியும் கோப்புறையில் பழைய வீடியோக்களுக்குச் சிறுபடம் வரவில்லை, புதிதாக நகலெடுத்தவற்றுக்கு மட்டும் வருகிறது.

நிரல்வழி:

டி.ஆர்.எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு): ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'டி.ஆர்.எம் கட்டுப்பாடுள்ள உள்ளடக்கத்தை இயக்கு' என்பதை டிக் செய்யுங்கள். வைட்வைன் என்ற கூறு தானே இறங்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். குரோமில் அது ஏற்கெனவே இருக்கும், குரோமியத்தில் இருக்காது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வைட்வைனின் மூன்றாம் நிலைப் பாதுகாப்புதான் கிடைக்கும். அதனால் பல தளங்கள் 4கே தராது, கட்டணம் கட்டியிருந்தாலும். 4கே திட்டத்துக்குப் பணம் கட்டுமுன் இதை நினைவில் வையுங்கள்.

சிறுபடம்: கோடெக் இல்லாத நாளில் அந்தக் கோப்புகளுக்குப் படம் எடுக்க முயன்று தோற்றதைக் கோப்பு உலாவி குறித்து வைத்திருக்கிறது. குறிப்பு இருக்கும்வரை மறுபடியும் முயலாது. வீட்டுக் கோப்புறையில் கண்ட்ரோல்-எச் அழுத்தி, .கேச், அதற்குள் 'தம்ப்நெய்ல்ஸ்' திறந்து, உள்ளே 'ஃபெயில்' என்ற கோப்புறையை மட்டும் அழியுங்கள். கோப்பு உலாவியை முழுதாக மூட "நாட்டிலஸ் -க்யூ" கொடுத்துவிட்டுத் திரும்பத் திறங்கள். 4கே கோப்புகள் நிறைய இருந்தால் கோப்புறை நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.